பிரசங்கத்துக்கு நடுவே ஒரு அடுப்பு

வாடை வந்துவிட்டது. கோயிலின் வடக்குச் சன்னல் வழியாக, மிளகும் பூண்டும் கொழுப்பும் சேர்ந்து வதங்குகிற அந்த வாடை, வேறு யாரையும் தேடாமல் நேராக என் மூக்கைத் தேடி வந்துவிட்டது. மற்றவர்களுக்கு இன்னும் எட்டவில்லை போலிருக்கிறது, பின்னால் யாரும் செருமவில்லை. பிரசங்க பீடத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர் எட்வின் ஐயர், இந்தச் சேகரத்துச் சபைகளுக்கெல்லாம் குரு. இன்னொருவர் எலியேசர் என்கிற பெரியவர். யூதர், இயேசுவை விசுவாசிக்கிற யூதர், கர்த்தர் நடந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறார். அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்கிறார், இவர் அதைத் தமிழில் சொல்கிறார், மறுபடி அவர், மறுபடி இவர். காட்டு ஒலிவக் கிளையை நாட்டு ஒலிவ மரத்தில் ஒட்டுப்போட்ட பகுதிதான் இன்றைய வேதபாடம். வேர் பரிசுத்தமென்றால் கிளையும் பரிசுத்தம் என்று இவர் மொழிபெயர்த்தபோது நான் பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில், ஐயரம்மாவுக்கென்று விட்டுவைத்திருக்கும் இடத்தில், புதுச் சேலையோடு உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். நிம்மதியாகத்தான் இருந்தேன். அடுத்த வாக்கியத்தில் பெரியவர் தன் அம்மாவின் அடுக்களையைப் பற்றிச் சொன்னார். பால் பாத்திரம் வேறு, கறிப் பாத்திரம் வேறு, விலக்கப்பட்டது எதுவும் அந்த வாசலைத் தாண்டியதில்லை என்றார். இவர் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. நாங்கள் குடியிருக்கும் குருமனையின் புறவாசல் அடுப்பில், இந்த நிமிஷம், பெரியவருக்காக வெந்துகொண்டிருப்பது பன்றிக்கறி. யூதருக்குப் பன்றி ஆகாது. ஞாயிறு பள்ளியில் மூக்கு ஒழுகுகிற பிள்ளைக்குக்கூட அது தெரியும், நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன், குளம்பு விரிந்திருந்தாலும் அசைபோடாது, ஆகவே அசுத்தம் என்று படம் வரைந்து காட்டியிருக்கிறேன். படத்துக்கு ரோஸ் நிறம் வேறு அடித்தேன்.

எப்படி மறந்தேன் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வேன். மறக்கவில்லை, தோன்றவே இல்லை, அதுதான் உண்மை, அது இன்னும் கேவலம். விசுவாசி ஆகிவிட்டார் என்றால் நம்மைப்போல ஆகிவிட்டார் என்றே நினைத்துவிட்டேன். நம்மைப்போல என்றால் என்ன, கிறிஸ்மசுக்குக் கேக், பண்டிகைக்குக் கறி, கடைசி மணி அடித்த பிறகு கோயிலுக்கு வருவது. இந்த ஊரில் மாட்டுத் தரகர் ஆபிரகாம், பனையேறி யாக்கோபு, பலசரக்குக் கடை ரெபேக்காள். காலையில் இவர்களையெல்லாம் அறிமுகப்படுத்தியபோது பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், என் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல இருக்கிறது என்றார். அவர்கள் பேரையெல்லாம் எடுத்துக்கொண்டோம், அவர்கள் சங்கீதங்களை ராகம் போட்டுப் பாடுகிறோம், அவர்கள் பாட்டன் பூட்டன் சண்டையெல்லாம் நமக்கு மனப்பாடம், ஆனால் வீட்டுக்கு வருகிற மனிதரிடம் நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவராவது கேட்டிருக்கலாம். இவர் இறையியல் கல்லூரியில் எபிரேயத்தில் பரிசு வாங்கியவர். எபிரேயத்தில் பரிசு வாங்கிய மனுஷன் நேற்று சாயங்காலம் என் அண்ணன் தூக்கிக்கொண்டு வந்த கறியைப் பார்த்து, "அடேயப்பா, மச்சான் ஜமாய்ச்சிட்டாரே" என்று சொல்லிவிட்டுப் பிரசங்கக் குறிப்புக்குப் போய்விட்டார். அண்ணன் மாசிலாமணி கொத்தனார். மேற்குத் தெருவில், நாங்கள் பிறந்த அதே வீட்டில் இருக்கிறான். கிறிஸ்மசுக்கென்று மதினி வளர்த்துவந்த பன்றியை நேற்றே அடித்துவிட்டான். "நம்ம ஆண்டவரோட சொந்தக்காரவுக வாராவன்னு சொன்னிய, பாப்பா. நம்மகிட்ட இருக்கதுல நல்லத வைக்கண்டாமா," என்றான். சபை நடுவில் என்னை ஐயரம்மா என்பான், அடுக்களையில்தான் பாப்பா. அதைக் கேட்டு நெகிழ்ந்து நின்றேனே, அந்த நெகிழ்ச்சியில்தான் புத்தி கரைந்துபோயிருக்க வேண்டும். இப்போதும் அவன் ஆராதனைக்கு வராமல் அடுப்புப் பக்கத்தில்தான் இருக்கிறான், தீயைத் தணித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. நல்ல கறிக்கு அவசரம் ஆகாது என்பான்.

எழுந்து போய்விடலாம். பக்கவாசல் பத்தடிதான். ஆனால் முதல் பெஞ்சிலிருந்து ஐயரம்மா எழுந்து போனால் சபை முழுவதும் பிரசங்கத்தை விட்டுவிட்டு என் முதுகைத்தான் கேட்கும். போய் என்ன சொல்ல? அண்ணே, சட்டியை எடு, அவர் சாப்பிடமாட்டார். ஒரு வாக்கியம்தான், மொழிபெயர்ப்புக்கூட வேண்டாம். அவனும் ஒன்றும் சொல்லமாட்டான், அதுதான் பயம். கோபித்தால் சமாதானம் சொல்லலாம். அவன் கோபிக்கிற ஜாதி இல்லை, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "சரி பாப்பா, எனக்கும் வேலை கெடக்கு," என்று சட்டியோடு நடையைக் கட்டுவான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். பண்டிகைக்கு வருவான், புறவாசலில் சமைப்பான், தன் பங்கைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொள்வான், வேலை கிடக்கிறது என்று போய்விடுவான். பண்டிகை நாளில் எந்தக் கொத்தனாருக்கு வேலை. எங்கள் மேசையில் உட்காராதே என்று அவனிடம் யாரும் சொன்னதில்லை, உட்கார் என்றும் யாரும் சொன்னதில்லை. நேற்றுத்தான் முதல் தடவையாக இவர் சொன்னார். "நாளைக்கு மச்சானும் எங்களோட மேசையில உக்காரட்டும். நான் பேசப்போறதே அதைப் பத்தித்தானே," என்றார்.  இன்று காலையில் அண்ணன் வெள்ளைச் சட்டையை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான், சமையல் முடிந்ததும் மாற்றிக்கொள்ள. அந்தச் சட்டையை நான் பார்த்ததுபோலக் காட்டிக்கொள்ளவில்லை. இந்தத் தடவை சட்டியோடு போனானென்றால் திரும்ப வரமாட்டான், எனக்குத் தெரியும், உன் சாப்பாடு அசுத்தம் என்று இந்த வீடு அவனிடம் சொல்லிவிட்டதாக ஆகிவிடும், அதையும் என் வாயால் சொன்னதாக ஆகிவிடும்.

பக்கத்தில் அத்தை. என் மாமியார் நேசம்மாள், ஐந்து தலைமுறை கிறிஸ்தவக் குடும்பம், அவர்கள் தாத்தாவுக்குத் தாத்தா வெள்ளைக்காரப் பாதிரியாரின் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லுவார். குதிரை என்ன நிறம் என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். இன்று காலையில் சட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னைக்காவது அத தள்ளி வைக்கப்படாதா, கிருபை. வேதத்துலயே வெலக்குனதுல்லா," என்றார். வேதத்தில் நண்டும் விலக்குதான் அத்தை, போன சனிக்கிழமை ஓடு வரைக்கும் உறிஞ்சினீர்களே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். விழுங்கியே பழக்கம். அப்போதுகூட விருந்தாளி யூதர் என்பது தோன்றவில்லை, எங்கள் தெருவைக் குத்துகிறார் என்றுதான் தோன்றியது. இன்றைக்கு மத்தியானம் மோசேயின் ஜனத்தில் ஒருவரே வந்து இலை முன்னால் உட்கார்ந்து மூக்கைச் சுளித்தால் அத்தைக்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா, சாகும்வரை சொல்லிக்காட்டுவார். எங்கள் தெரு மொத்தமும் ஞானஸ்நானம் கேட்டபோது இதே பேச்சு வந்ததாம், அப்பா சொல்லியிருக்கிறார். அப்போதிருந்த உபதேசியார், முதலில் பன்றியை விடுங்கள், பிறகு தண்ணீர் ஊற்றப் பாதிரியாரை வரச்சொல்லுகிறேன் என்றாராம். "எங்களுக்கு ஆண்டவரு வேணும்யா, பன்னிய யாருகிட்ட விட," என்று அப்பாவின் அப்பா கேட்டிருக்கிறார். அடுத்து வந்த உபதேசியார் அதெல்லாம் வேண்டாம் என்று பாதிரியாரை அழைத்து ஞானஸ்நானம் கொடுக்கவைத்தார், ஆனால் அதற்கு முந்தின நாள் தெருவுக்கு ஆளுக்கொரு சோப்புக்கட்டி கொடுத்தனுப்பினார். அப்பா அதை நகைச்சுவையாகத்தான் சொல்லுவார். சொல்லி முடித்ததும் அவர் மட்டும் சிரிக்கமாட்டார். பரிசுத்தம் என்ற வார்த்தை காதில் விழும்போதெல்லாம் எனக்கு அந்தச் சோப்பு வாசனை வந்துவிடும், இன்றுவரைக்கும், ஐயரம்மா ஆன பிறகும், அல்லேலூயா பாடிக்கொண்டிருக்கும்போதும். எங்கள் தெரு ஆட்கள் இன்றும் பின்வரிசையில்தான் உட்காருகிறார்கள். முன்னால் வாருங்கள் என்று இவர் இந்தச் சேகரத்துக்கு வந்ததிலிருந்து கூப்பிடுகிறார். காற்று நல்லா வருதுய்யா என்கிறார்கள்.

பெரியவரின் குரல் தணிந்திருக்கிறது. நான் எதையோ தவறவிட்டேன், இவருடைய தமிழில்தான் பிடிக்கிறேன். "நான் இயேசுவை மேசியா என்று சொன்ன நாளில் என் தகப்பன் தன் சட்டையைக் கிழித்துக்கொண்டார். செத்தவனுக்குத் துக்கம் கொண்டாடுவதுபோல ஏழு நாள் தரையில் உட்கார்ந்தார். நான் உயிரோடு அடுத்த தெருவில் இருந்தேன்."  பெரியவர் தண்ணீர் குடிக்கிறார். பிறகு சொல்கிறார், எனக்கு ஆங்கிலத்திலேயே புரிந்துவிட்டது, புரியாமல் இருந்திருக்கலாம். ஒரு வெளிநாட்டில், ஒரு கிறிஸ்தவ வீட்டில், அவரை வரவேற்று விருந்து வைத்தார்கள். அவர் தட்டில் பன்றிக்கறியை வைத்துவிட்டு எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மெய்யாகவே விசுவாசியென்றால் சாப்பிடு என்றார்கள், சிரித்துக்கொண்டே. அவர் சாப்பிட்டார். வெளியே போய் வாந்தியெடுத்தார். "என் தகப்பன் வீட்டிலும் எனக்கு மேசை இல்லை, இங்கேயும் இல்லை என்று அன்றைக்கு அறிந்தேன்," என்று இவர் அதைத் தமிழில் சொல்கிறார். சொல்லிவிட்டு நிறுத்துகிறார். அடுத்த வாக்கியத்தைப் பெரியவர் சொல்லியாயிற்று, இவர் வாயைத் திறக்கவில்லை. இவர் என்னைப் பார்க்கிறார். பீடத்திலிருந்து நேராக என்னை. ஆக, இவருக்கும் இப்போதுதான் தோன்றியிருக்கிறது, எபிரேயப் பரிசுக்காரருக்கு. முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பெரியவர் கையால் இவர் முழங்கையைத் தொடுகிறார், இவர் திடுக்கிட்டு எதையோ மொழிபெயர்க்கிறார், அது அந்த வாக்கியம் இல்லை.

எழுந்திரு, கிருபை. எழுந்திருக்க முடியவில்லை. மனம் அகப்பையில் போய் மாட்டிக்கொண்டது. விடியற்காலையில் பன்றிக்கறியில் உப்புப் பார்த்தேன், அந்த அகப்பையை எங்கே வைத்தேன். கோழிக் குழம்பு பக்கத்து அடுப்பில் இருந்தது. அதே அகப்பையால் கோழியைக் கிண்டினேனா, இல்லையா. கழுவி வைத்தேன், இல்லை, அப்போதுதான் பால்காரர் கூப்பிட்டார், அகப்பை கையில் இருந்தது, திரும்பி வந்தபோது கையில் இல்லை. அப்படியென்றால் கோழியும் போச்சு. மோர் வேறு தாளித்து வைத்திருக்கிறேன், கறியும் பாலும் ஒரே மேசையில் ஆகாதாமே, சற்றுமுன்தானே சொன்னார். அப்பளம் பொரித்த எண்ணெய் எது. மிஞ்சுவது வெறும் சோறும் எலுமிச்சை ஊறுகாயும். கர்த்தரின் சொந்தக்காரருக்கு ஊறுகாய். சிரிப்பு வருகிறது, கோயிலில் உட்கார்ந்து அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டேன், அத்தை நான் உருகிப்போய் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவுகிறார். அந்தக் கையின் இதம் வேறு சங்கடம். வாடை இப்போது நன்றாகவே வருகிறது. பின்னால் யாரோ மூச்சை இழுத்துவிட்டு, "ஐயர் வீட்டுல இன்னைக்கு அமர்க்களம்," என்கிறார்கள். பெரியவர் மூக்கு என்ன கல்லா, அவருக்கும் வந்திருக்கும், வந்து அது என்னவென்று தெரிந்துதான் இதைச் சொன்னாரோ. இல்லை, இருக்காது. அவர் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. அந்த முகத்தில் இருப்பது களைப்புதான், அந்தக் களைப்பை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேன். பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். தூக்குவாளியோடு வாசல் இறங்குகிற அண்ணன் முகத்தில். கீர்த்தனைக்கு எல்லாரும் எழுந்தார்கள், பெஞ்சுகள் கிறீச்சிட்டன, அந்தச் சத்தத்தில் நானும் எழுந்து, எல்லாரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டுகையில் பக்கவாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன். செருப்பைத் தேடவில்லை. மண் சுட்டது.

அண்ணன் சட்டியை மூடிவிட்டுக் கங்குகளை ஒதுக்கிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டையை மாற்றியாயிற்று. என்னைப் பார்த்ததும், "என்ன பாப்பா, அதுக்குள்ள முடிஞ்சிட்டா?" என்றான். எல்லாவற்றையும் கொட்டினேன். முன்பின்னாக, மூச்சு வாங்க, சட்டை கிழித்த தகப்பனில் ஆரம்பித்து, வாந்தி, மேசை, யூதருக்கு ஆகாது, எனக்குத் தோன்றவே இல்லை, என்னை மன்னிச்சிரு. 

"சாப்பிடுன்னு வச்சிட்டு சுத்தி நின்னு பாத்தாவளா?" என்று அண்ணன் கேட்டான்.

"ஆமா."

"சிரிச்சிக்கிட்டா?"

"ஆமாண்ணே."

அவன் துண்டை உதறினான்.  தோளில் போடவில்லை, அதை இரண்டாக மடித்துச் சட்டியின் விளிம்பைப் பிடித்து இறக்கினான். கிணற்றுக்கு அந்தப் பக்கம், விறகுக் கொட்டகைக்குள் கொண்டுபோய் வைத்து, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடினான். "அந்த மனுசன் முன்னால இத வைக்கப்படாது. வேண்டாம்னு சொல்லுதது வேற, திங்க வச்சி வேடிக்கை பாக்குதது வேற. சாயங்காலம் நாம தெருவுல பங்கு வச்சிக்கிடலாம். கோழி இருக்குல்லா."

"கோழியும் ஆகாதுண்ணே. அகப்பைய மாத்திப் போட்டுட்டேன், எனக்கு நெனவே இல்ல."

"அதெல்லாம் ஒண்ணும் மாறல. நீ பால் வாங்கப் போனப்ப நாந்தான் ஒன் கையில இருந்து வாங்கி வச்சேன். இதுக்கு ஒரு அகப்பை, அதுக்கு ஒரு அகப்பை." பிறகு, சாதாரணமாக, கங்குகளைக் கிளறியபடி சொன்னான்: "எப்பவும் அப்படித்தான் வப்பேன். ஒங்க அத்தைக்கு மனசு சங்கடப்படும்லா."

எத்தனை பண்டிகை. நான் ஒருநாளும் கவனித்ததில்லை. அடுப்புத் திண்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன், சத்தம் வெளியே வராமல் அழுவது எங்கள் வீட்டுப் பெண்களுக்குப் பிறவியிலேயே வரும். அண்ணன் அதைக் கண்டுகொள்ளாமல் கிணற்றடிக்குப் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டு, துணி துவைக்கிற சோப்பை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை வரை. கோயிலில் பாட்டு முடிந்து இவர் ஆசீர்வாதம் கூறுகிற குரல் கேட்டது. அண்ணன் மறுபடியும் தண்ணீர் மோந்து மறுபடியும் தேய்த்தான். சிமெண்ட் தின்று வெடித்த கை, சோப்பு பட்டால் எரிந்திருக்கும். இரண்டு கையையும் என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"வாடை இருக்கா பாரு, பாப்பா."

முகர்ந்தேன். இருந்தது. சோப்புக்குக் கீழே மிளகும் பூண்டும் கொழுப்பும், எங்கள் தெருவும் அப்பாவும் எல்லாம் அப்படியே இருந்தது.

"இருக்கு," என்றேன்.

அவன் சோப்பை எடுக்கத் திரும்பினான். கையைப் பிடித்துவிட்டேன். "போதும்ணே. இருந்துட்டுப் போகுது. இனிமே கழுவாத. வா, வந்து உக்காரு." அவன் உருவிக்கொள்ளப் பார்த்தான், நான் விடவில்லை, ஈரக்கையோடு இழுத்துக்கொண்டு அடுக்களை வழியாக மேசைக்குக் கொண்டுவந்து, தலைமாட்டு நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன். நுனியில் உட்கார்ந்தான், எழுந்து ஓடத் தோதாக. மோர்ச்சட்டியை எடுத்து அலமாரியில் வைத்தேன். முன்வாசலில் செருப்புச் சத்தம். முதலில் அத்தை வந்தார், அண்ணனைப் பார்த்தார், அடுப்படிப் பக்கம் பார்த்தார், வாயைத் திறந்தார். "அத்தை, ஒங்களுக்கு அண்ணனுக்கு எதிர்த்தாப்ல," என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

பின்னாலேயே இவரும் பெரியவரும். இவர் முகம் இன்னும் சுண்ணாம்பாகத்தான் இருந்தது, மேசை மேல் ஒவ்வொரு பாத்திரமாக அவசரமாகக் கண்ணை ஓட்டினார். "என் மனைவியின் அண்ணன்," என்று ஆங்கிலத்தில் சொன்னார். அண்ணன் எழுந்தான். பெரியவர் கையை நீட்டினார். அண்ணன் தன் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு தலையை மட்டும் தாழ்த்தினான். பெரியவர் நீட்டிய கையை எடுக்கவில்லை, அது மேசைக்கு மேலே அப்படியே நின்றது. கடைசியில் அண்ணன் கொடுத்தான். பெரியவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், அப்போது அவர் மூக்குச் சுருங்கியதை நான் பார்த்தேன். ஒரு கணம்தான், ஆனால் சுருங்கியது, பொய் சொல்லமாட்டேன். அண்ணனும் பார்த்தான், கை விறைத்தது. பெரியவர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது, கையை விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் மற்றக் கையால் தன் பக்கத்து நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டான்.